அப்பாவின் எஸ்டீமை டிராக் ரேஸுக்குத் தயார் செய்யலாமா?

திருப்பூரிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது:

"அப்பா 2002-இல் வாங்கிய மாருதி எஸ்டீம் எங்களிடம் இருக்கிறது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நானும் என் மச்சானும் வீட்டு ஷெட்டிலேயே வேலை செய்து, அமெச்சூர் டிராக் ரேஸில் (drag race, நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் பந்தயம்) அதை ஓட்ட ஆசைப்படுகிறோம். பழைய டர்போ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்துவது, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது, பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது, ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து எடையைக் குறைப்பது என்று திட்டம் வைத்திருக்கிறோம். மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்துக்குள் அடங்க வேண்டும். வேலைக்கும் இதே காரில்தான் போய்வருவேன். விடியற்காலையில் பைபாஸில் ஓட்டி நேரம் எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?"

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய பைபாஸ் வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்யாதீர்கள், ஒருமுறைகூடச் செய்யாதீர்கள். 130 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 36 மீட்டர் கடக்கிறது. விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியையோ, மில் பேருந்தைப் பிடிக்கச் சாலையைக் கடக்கும் பெண்ணையோ பார்த்து, உங்கள் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த 36 மீட்டர் போய்விடும். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதும் வேகச் சோதனை செய்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தண்டனையை விட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தச் சாலையில் வரும் மற்றவர்கள் உங்கள் பந்தயத்துக்குச் சம்மதம் தரவில்லை என்பதுதான். மூடிய தளத்தில், ஆம்புலன்சும் தீயணைப்பு ஆட்களும் நிற்கும் இடத்தில், அமைப்பாளரின் நேரக் கருவியில் ஓடுவது மட்டுமே டிராக் ரேஸ்.

அடுத்து, இது வேலைக்குப் போகும் காரா, பந்தயக் காரா என்பதை ஒரு நட்டைக் கழற்றும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய கார் என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு நின்று பதிவையும் புதுப்பித்தாக வேண்டும். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசிகள் பந்தயத்தில் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. இதே காரில்தான் வேலைக்குப் போவேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை கழற்றித் திங்கட்கிழமை மாட்டிவிடக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டர்போ அந்த வகையில் சேராது. இந்தக் கார் சாலையிலும் ஓடப்போகிறது என்ற நிலையிலிருந்தே மேலே எழுதுகிறேன். அப்பா வாங்கிய காரை முழுப் பந்தயக் காராக்கிவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஏற்ற வேறொரு பழைய எஸ்டீம் பிறகு கிடைக்காமல் போகாது.

உங்கள் காரைத் தேர்வு என்று பார்த்தால், நல்ல தேர்வு. 1298 சி.சி., 16 வால்வு, 85 குதிரைத்திறன், காலி எடை சுமார் 875 கிலோ. எடைக்கும் சக்திக்குமான இந்தக் கணக்கு இன்றைய பல கார்களுக்கு இல்லாதது. ஆனால் இந்த 85 என்பது 2002-இல் ஷோரூமிலிருந்து வெளியே வந்த நாளின் எண். 1,40,000 கிலோமீட்டருக்குப் பிறகு அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் கூட்டல் போட முடியாது. அதனால் முதல் வேலை கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உருவாகும் அழுத்தத்தைப் பிளக் துளையில் மானி வைத்து அளப்பது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளும் இக்னிஷனும் வேலை செய்யாதபடி இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு பயன்படாது. பலரும் தவறுவது இங்கேதான். இந்த என்ஜினில் சதுர செ.மீ.க்கு 14 கிலோ அளவில் வந்தால் ஆரோக்கியம். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அதன் பிறகு பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை என்றால், டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரை உள்ளே கழுவுங்கள். இதெல்லாம் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படக்கூடிய வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் தயாரான கார்கள் பலவற்றைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய என்ஜினைப் புதிதாய் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதில் திரும்பக் கிடைக்கும் சக்தி, கடையில் வாங்கும் பெரும்பாலான 'பெர்ஃபாமன்ஸ்' பாகங்கள் தரும் சக்தியை விட அதிகம்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. உங்கள் கார் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படி ஒரு பெட்ரோல் கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்தும் விரிசல் விடவைத்தும் கெடுக்கும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரையிலான எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் குழாயாகவும், கிளிப்புகளைப் புதியவையாகவும் மாற்றுவது இந்தத் திட்டத்தின் கட்டாயச் செலவு. சூடான எக்ஸ்ஹாஸ்டுக்கு மேல் பெட்ரோல் சொட்டுவதை விடப் பெரிய ஆபத்து இந்தக் காரில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கலவையைச் சரிசெய்துகொள்ளும் கணினி, முழு ஆக்சிலரேட்டரில் சென்சாரைக் கேட்காமல் தன் பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் விடுகிறது. எத்தனால் கலந்த எரிபொருள் அளவில் கூடுதலாகத் தேவைப்படுவதால், டிராக் ரேஸில் நீங்கள் முழுதாக மிதித்திருக்கும் சுமார் பதினெட்டு வினாடியும் கலவை வழக்கத்தைவிட மெலிந்தே, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவாகவே இருக்கும். ஆகவே முதல் ஓட்டத்துக்கு முன், இந்தக் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றை எக்ஸ்ஹாஸ்டில் பொருத்திப் பாருங்கள். எரிபொருள் எதுவானாலும் லாம்டா அளவில் படியுங்கள். அதில் 1 என்றால் எரிபொருள் முழுதாக எரியத் தேவையான அளவு காற்று; அதற்குக் கீழே எரிபொருள் கூடுதல். முழு மிதியில் 0.86 முதல் 0.88 வரை இருந்தால் நிம்மதி, 1-ஐ நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

இனி நேரம் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். டிராக் ரேஸின் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நல்ல நிலையில் உள்ள எஸ்டீம் அதைச் சுமார் 18 வினாடியில் முடிக்கும். அதில் முதல் 60 அடி, அதாவது 18 மீட்டர்தான், உங்களைப் போன்ற குறைந்த சக்தி கொண்ட காருக்குத் தங்கச் சுரங்கம். அங்கே பத்தில் ஒரு வினாடி மிச்சப்படுத்தினால், அது தூரம் முழுவதும் கூடவே வந்து, முடிவுக் கோட்டில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்பக் கிடைக்கும். அந்த 18 மீட்டரைத் தீர்மானிப்பது என்ஜின் இல்லை. டயரும், கிளட்சும், உங்கள் இடது காலும்தான்.

உங்கள் திட்டத்தில் பாதி, அமெரிக்க வீடியோக்களில் வரும் பின்சக்கர இழுவைக் கார்களிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது அவர்களுக்குச் சரி, உங்களுக்கு நேர் எதிர். எஸ்டீமை இழுப்பவை முன்சக்கரங்கள். வண்டி பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. எவ்வளவு என்று கணக்கிட்டே பார்க்கலாம். உங்களோடு சேர்த்து 950 கிலோ, வண்டியின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 2.365 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பின் 0.4 பங்கு முடுக்கத்தில் முன்சக்கரங்கள் சுமார் 80 கிலோவை இழக்கின்றன. இழுக்க வேண்டிய டயர் தரையை விட்டு லேசாகும் அதே கணத்தில் பேட்டரியையும் பின்னால் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

ஸ்பிரிங் வெட்டுவதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். மேற்படிக் கணக்கில் எடைமையத்தை 5 செ.மீ. தாழ்த்தினால் அந்த 80 கிலோ 72 ஆகக் குறையும். கிடைப்பது அந்த எட்டு கிலோதான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையோ பெரிது. கேஸ் கட்டர் வைத்து வெட்டினால் அந்த இடத்தில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். வெட்டிய முனை அதன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடம் மாறிவிடும். ஷாக் அப்சார்பர் அடித்தட்டிலேயே வேலை செய்யும், முன் ஆக்சிலின் கோணம் மாறி அதன் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். வேலைக்குப் போகும் காரில் இதை நான் அனுமதிக்க மாட்டேன். மாறாக, நான்கு ஷாக் அப்சார்பர்களையும் புதிதாக்கி, பின்பக்கம் அதே உயரமுள்ள, சற்றே கடினமான ஸ்பிரிங் போடுங்கள். அதனால் பின்னால் சாயும் எடையின் மொத்த அளவு மாறாது. ஆனால் வண்டி பின்னால் குந்தி முன்பக்கம் தூக்கும்போது முன்சக்கரத்தின் கோணம் கெடுவது குறையும். என்ஜின் மவுண்டுகளையும் பாருங்கள். அவை கிழிந்திருந்தால் கிளட்சை விட்ட கணத்தில் என்ஜின் ஆடும், சக்கரம் பிடித்துப் பிடித்து விடும். சக்கரம் அப்படித் துள்ளுவதுதான் கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் உடைக்கிறது.

டயர்களின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; தயாரான வாரமும் ஆண்டும் அது. 1519 என்றிருந்தால் 2019-இன் 15-ஆவது வாரம். பூ இன்னும் இருக்கிறது என்பதற்காக அத்தகைய டயரை முன்னால் வைத்திருக்காதீர்கள். இறுகிப்போன ரப்பர் பிடிக்காது. உங்கள் ஒன்றரை லட்சத்தில் முதல் செலவு இரண்டு நல்ல முன் டயர்களாக இருக்கட்டும். தளத்தில் முன் டயர் காற்றை 30-லிருந்து 25 பி.எஸ்.ஐ. வரை படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள், அதற்குக் கீழே சாதாரண டயரில் போக வேண்டாம். பின் டயரில் அதன் ஓரத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குள் கூடுதலாக வையுங்கள்.

எடைக் குறைப்பு இலவசம். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், பின் இருக்கை, டிக்கி விரிப்பு எல்லாவற்றையும் தளத்தில் இறக்கி வைத்துவிடலாம், மாலையில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். டேங்கில் 30 லிட்டருக்குப் பதில் 10 லிட்டர் இருந்தால் மட்டும் 15 கிலோ மிச்சம். இதெல்லாம் பின்பக்க எடை என்பதால் உங்களுக்கு இரட்டை லாபம். மொத்தம் 80 கிலோ குறைத்தால் 950-லிருந்து 870 ஆகிறது. அதே பலனை சக்தியால் பெற வேண்டுமென்றால் 85 குதிரைத்திறனை 93 ஆக்க வேண்டும். சீட் பெல்ட், முன் இருக்கை, ஹேண்ட் பிரேக், பிரேக் பூஸ்டர் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். ஏ.சி.யைக் கழற்றுவதானால் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் ஏ.சி. மெக்கானிக்கிடம் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கடைவது பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். அது வார்ப்பு இரும்பு. எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கில்லாமல், மறுபடி பேலன்ஸ் பார்க்காமல், லேத் பட்டறையில் கடைந்து வாங்கி மாட்டினால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது சிதறக்கூடும். அது சுழலும் இடம் உங்கள் கால்களுக்கு முன்னால்தான் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் நான் வேலை செய்த ஒரு பட்டறையில் அப்படிச் சிதறிய துண்டு, ஃப்ளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு பானட்டை ஓட்டையாக்கியதைப் பார்த்தேன். ஓட்டியவர் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். மேலும், குறைந்த இழுவிசை கொண்ட 1.3 லிட்டர் என்ஜினுக்குப் புறப்படும்போது கனமான ஃப்ளைவீலில் சேர்த்து வைத்த சுழற்சிதான் துணை. அதைக் குறைத்தால் கிளட்சை விட்டதும் என்ஜின் பொசுக்கென்று அடங்கிவிடும். அதைத் தொடாமல், புதிய கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் போடுங்கள்.

டர்போ வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? விற்பவர் உங்களுக்குத் தருவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு விசிறி மட்டுமே. அதோடு பெரிய இன்ஜெக்டர், கூடுதல் அழுத்தத்தைப் படிக்கும் சென்சார், எழுதி மாற்றக்கூடிய கணினி, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஆயில் வரத்து, திரும்பும் குழாய், அதை ட்யூன் செய்யத் தெரிந்த ஒருவரின் இரண்டு நாள் ஆகியவை சேர்ந்தால்தான் டர்போ. தொழிற்சாலை வைத்த கணினி, உள்ளே வரும் காற்று வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது அல்ல. காற்று கூடும், பெட்ரோல் கூடாது. மெலிந்த கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து நாக்கிங் வரும். டயர் சத்தத்திலும் காற்றுச் சத்தத்திலும் அது உங்கள் காதுக்குக் கேட்காது. பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய வரப்பு உடையும்போது புகைதான் முதலில் சொல்லும். ஒன்றரை லட்சத்தில் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது, அரைகுறையாகச் செய்தால் என்ஜினையே புதிதாகக் கட்ட வேண்டி வரும்.

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். 100-லிருந்து 130-க்கு வேகம் கூடும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழையதை முழுவதும் மாற்றிக் காற்றெடுங்கள். முன் டிஸ்க்கின் கனத்தை அளந்து பாருங்கள், பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று திறந்து பாருங்கள், ரப்பர் ஹோஸ்களை மாற்றுங்கள். இது முடியாமல் தளத்துக்குப் போக வேண்டாம்.

ஷெட்டில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஸ்டாண்டு ஆகாது. அவை அறிவிப்பின்றி நொறுங்கும். இரண்டு டன் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுகள் நான்கு வாங்குங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் பம்ப்பின் ஃபியூஸை எடுத்து என்ஜினை ஓடவிட்டு, அது தானாக நின்ற பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கட்டும். உங்கள் மச்சான் கூட இல்லாத நேரத்தில் வண்டிக்கு அடியில் வேலை வேண்டாம்.

எங்கே ஓட்டுவது? செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம். மாருதி 800 என்ஜினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கிய கோயம்புத்தூர்க்காரர் கரிவரதனின் பெயரில் இருக்கும் தளம் அது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் மோட்டார் சைக்கிள்களுக்கான டிராக் பந்தயங்களை நடத்துகிறது. கார்களுக்கு மகாராஷ்டிராவில் உள்ள ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் நடந்துவந்த போட்டி நாடெங்கும் அறிந்தது. கார்களுக்கான வகுப்போடு எந்தப் போட்டி எப்போது அறிவிக்கப்பட்டாலும், நாட்டின் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பின் உரிமம், ஹெல்மெட் தரம், எந்த வகுப்பில் எதை மாற்றலாம் என்ற விதிகளைப் பொருள் வாங்கும் முன்பே படியுங்கள். ஒரு சிறிய மாற்றம் உங்களை, மாற்றம் செய்யாத கார்களுக்கான 'ஸ்டாக்' வகுப்பிலிருந்து, டர்போ கார்கள் நிற்கும் வகுப்புக்குத் தள்ளிவிடலாம். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி நான்கு சதவீதம் அளவுக்குக் குறைவு; அங்கே எடுத்த நேரத்தைச் சென்னையில் எடுத்த நேரத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

முதல் நாளில் எதையும் மாற்றாமல் ஐந்தாறு ஓட்டம் மட்டும் ஓடுங்கள். 3,000 சுற்றில் பிடித்து, கிளட்சைப் பட்டென்று விடாமல் ஒரு வினாடி வழுக்கவிட்டு எடுங்கள். சக்கரம் சுற்றினால் அடுத்த முறை 2,700, என்ஜின் அடங்கினால் 3,300. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 60 அடி நேரம், மொத்த நேரம், முடிவு வேகம், டயர் காற்று, புறப்பட்ட சுற்று ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். முடிவு வேகம் என்ஜினின் கணக்கு. 60 அடி நேரம் டயரின், காலின் கணக்கு. இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் அடுத்த செலவு எங்கே என்று நோட்டே சொல்லும். பச்சை விளக்குக்கு நீங்கள் தாமதிக்கும் நேரம் உங்கள் மொத்த நேரத்தில் சேராது, ஆனால் பக்கத்துத் தடத்தில் நிற்பவரிடம் உங்களைத் தோற்கடிப்பது அதுவாகக்கூட இருக்கலாம். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டர்களின் அளவுகளையும், ஆயில் விட்ட பிறகு எடுத்த அளவுகளையும், டயர்களில் இருக்கும் நான்கு இலக்க எண்களையும் எழுதி அனுப்புங்கள். ஹெட் வேலை தேவையா, அல்லது அந்தப் பணம் டயருக்கும் கிளட்சுக்கும் போகட்டுமா என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.